சமயவியல் அறிஞரும் அச்சக் கதைஞரும்: மிர்சியா எலியாதே – ஓர் அறிமுகம்

தோற்றுவாய்

அச்சம் மாந்தர்க்கு இயல்பாய் அமைந்த உணர்வு. எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகத் தொல்காப்பியர் அதனை எண்ணியுள்ளார். அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை ஆகிய நான்கினையும் பொருளாகக் கொண்டு அச்சம் பிறக்கும் என்பது மெய்ப்பாட்டியல் தரும் செய்தி. இந்நான்கனுள் முதலாவதாக அணங்கு வைக்கப்பட்டமை எண்ணத்தக்கது. அணங்கு என்னும் சொல் தெய்வத்தையும் குறிக்கும்; வருத்தும் ஆற்றலையும் குறிக்கும். வணங்குதற்குரியதும் அஞ்சுதற்குரியதும் ஒரே சொல்லுள் அடங்கி நிற்கும் நுட்பத்தை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இந்நுட்பத்தை இருபதாம் நூற்றாண்டில் இருவேறு வழிகளில் ஆராய்ந்தவர் ஒருவர் உளர். பகலில் அவர் சமயங்களின் வரலாற்றை ஆராய்ந்த பேரறிஞர். இரவில் படிப்போர் உள்ளம் நடுங்கும் புனைகதைகளை எழுதிய கதைஞர். உருமேனிய நாட்டில் தோன்றி, இந்தியாவில் பயின்று, அமெரிக்காவில் மறைந்த மிர்சியா எலியாதே என்பாரே அவர். அவருடைய கதைகளுள் ஒன்று வங்காளத்துக் காட்டில் நிகழ்வது. அக்கதையில் வரும் துறவியோ நம் நெல்லைச் சீமையிற் பிறந்தவர். ஆதலின் எலியாதே நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். அவருடைய வாழ்வையும் எழுத்தையும் குறித்தும், அவை நம்முன் நிறுத்தும் வினாக்கள் குறித்தும் ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

வாழ்வும் கல்வியும்

எலியாதே 1907ஆம் ஆண்டு புக்காரெஸ்ட் நகரில் பிறந்தார். இளமையிலேயே கட்டுரைகளும் கதைகளும் எழுதினார். இத்தாலிய மறுமலர்ச்சிக்கால மெய்யியல் குறித்து ஆராய்ச்சியுரை எழுதி 1928இல் பட்டம் பெற்றார். ஆராய்ச்சியின்பொருட்டு உரோமாபுரியில் தங்கியிருந்த காலத்தில், சுரேந்திரநாத் தாஸ்குப்தாவின் இந்திய மெய்யியல் வரலாறு என்னும் நூலின் முதற்றொகுதி அவர் கையில் கிட்டியது. அந்நூலின் முன்னுரையில் காசிம்பஜார் மன்னர் மணீந்திர சந்திர நந்தியின் கொடைக்கு ஆசிரியர் நன்றி பாராட்டியிருந்தார். அதனைக் கண்ட இளைஞர் எலியாதே, தாம் இந்தியா வந்து தாஸ்குப்தாவிடம் பயில விரும்புவதாக மன்னருக்கே மடல் எழுதினார். மன்னரும் உதவுவதாக விடையிறுத்தார். அறிமுகமற்ற ஓர் அயல்நாட்டு மாணவரின் வேண்டுகோளை மதித்த அக்கொடையுள்ளம் போற்றற்குரியது.

1928ஆம் ஆண்டு இறுதியில் எலியாதே இலங்கை வழியாகத் தமிழகத்தில் அடியெடுத்து வைத்தார். தம் ஆசிரியரை அவர் முதன்முதற் சந்தித்தது கல்கத்தாவில் அன்று. சென்னை அடையாற்றில் பிரம்மஞான சங்கத்து நூலகத்தில் ஆகும். ஏட்டுச் சுவடிகளை ஆராய்தற்பொருட்டுத் தாஸ்குப்தா அப்போது அங்கு வந்திருந்தார். அச்சந்திப்பின் பின்னரே மாணவர் கல்கத்தா சென்று வடமொழியும் மெய்யியலும் பயின்றார். 1930இல் சிலகாலம் ஆசிரியர் இல்லத்திலேயே தங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் அவ்வில்லத்தினின்று வெளியேற நேர்ந்தபின், இமயமலை அடிவாரத்து இரிஷிகேசத்தில் சில திங்கள் யோகம் பயின்றார். 1931இறுதியில் தாயகம் திரும்பினார். யோகம் குறித்த ஆய்வுக்காக 1933இல் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வு விரிவாக்கப்பெற்று 1936இல் பிரெஞ்சு மொழியில் நூலாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் அவர் பாரீசில் வாழ்ந்தார். 1949இல் சமய வரலாறு பற்றிய பெருநூலும், நித்தியத் திரும்புகை என்னும் தொன்மத்தைப் பற்றிய நூலும் வெளிவந்தன. 1951இல் சாமனியம் பற்றிய நூல் வந்தது. 1957 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சமய வரலாற்றுப் பேராசிரியராய் விளங்கினார். அவரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு உருவான சமயக் கலைக்களஞ்சியம் 16 தொகுதிகளாக 1987இல் வெளிவந்தது. அதனை அச்சுவடிவில் முழுமையாகக் காண அவர் இல்லை. 1986ஆம் ஆண்டு ஏப்பிரலில் சிகாகோவில் காலமானார்.

ஆராய்ச்சி நூல்களைப் பிற்காலத்தில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அவர், கதைகளை மட்டும் இறுதிவரை தாய்மொழியாகிய உருமேனிய மொழியிலேயே எழுதினார். அறிவு பல மொழிகளில் உரையாடலாம். அச்சமும் கனவும் தாய்மொழியிலேதான் பிறக்கும் என்பதற்கு இஃதொரு சான்று எனலாம்.

செராம்பூர் இரவுகள்

எலியாதேயின் அச்சக் கதைகளுள் இந்தியர் அறியவேண்டியது 'செராம்பூர் இரவுகள்' என்னும் குறும்புதினம். 1940இல் வெளிவந்தது. செராம்பூர் கல்கத்தாவுக்கு வடக்கே ஊக்ளி ஆற்றங்கரையில் உள்ள ஊர். நம் தரங்கம்பாடியைப் போலவே அதுவும் டேனிஷ்காரர் ஆட்சியில் இருந்தது. இரண்டு ஊர்களும் 1845இல் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டன. வில்லியம் கேரியின் அச்சகத்தாலும் 1818இல் எழுந்த கல்லூரியாலும் அறிவுலகில் பெயர்பெற்ற ஊர் அது. அத்தகைய கல்வி நகரின் அருகிலேயே எலியாதே தம் இருட்கதையை நிகழ்விக்கின்றார்.

கதையில் கீழைத்தேயக் கலைகளைக் கற்ற மூவர் வருகின்றனர். ஒருவர் கதைசொல்லி, மற்றொருவர் உருசியரான போக்தனோவ், மூன்றாமவர் ஒல்லாந்தரான வான் மானன். வான் மானன் கற்பனைப் பாத்திரம் அல்லர். திபெத்திய மொழி அறிஞரான அவர் ஒரு காலத்தில் அடையாறு நூலகத்தில் பணியாற்றிப் பின்னர் வங்காள ஆசியக் கழகத்தின் செயலாளராய் விளங்கியவர். இவ்வாறு மெய்யான மாந்தரையும் மெய்யான ஊரையும் முன்னிறுத்திப் படிப்போரின் நம்பிக்கையைப் பெற்றுக்கொண்ட பின்னரே ஆசிரியர் பொய்யான நிகழ்ச்சிக்குள் அவர்களை அழைத்துச் செல்கின்றார்.

செராம்பூர்க் காட்டை அடுத்த நண்பர் ஒருவரின் மாளிகையில் அவர்கள் மாலைப்பொழுதுகளைக் கழிக்கின்றனர். தந்திர நெறியில் ஈடுபாடுடையவர் எனப் பேசப்படும் பேராசிரியர் ஒருவரை அக்காட்டில் காண நேர்கின்றது. பின்னர் ஓரிரவு மோட்டார் வண்டியில் திரும்புங்கால் வழி தவறுகின்றது. பழகிய சாலை பழகாத சாலையாகின்றது. இருளில் ஒரு பெண்ணின் அலறல் கேட்கின்றது. குரல் வந்த திசை நோக்கி நடந்தோர் பழைமையான வீடொன்றை அடைகின்றனர். அவ்வீட்டுத் தலைவரின் பேச்சு வழக்கிறந்த பழைய வங்காளமாய் உள்ளது. லீலா என்னும் இளம்பெண் கொலையுண்டு கிடக்கின்றாள். விடிந்தபின் ஆராய்ந்தால் அத்தகைய வீடே அங்கு இல்லை. அவர்கள் கண்ட துயரம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் நிகழ்ந்ததாகும்.

இக்கதையில் பேய் எதுவும் தோன்றி அச்சுறுத்தவில்லை. இரத்தம் குடிக்கும் பிசாசும் இல்லை. காலம் என்னும் தரை காலடியில் நழுவுவதே இங்கு அச்சத்துக்கு வித்தாகின்றது. பிற்பகுதியில் கதைசொல்லி இரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரிடம் நிகழ்ந்ததைக் கூறித் தம் அறிவுக்கு எட்டிய விளக்கத்தையும் முன்வைக்கின்றார். சுவாமியோ அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. காணும் உலகனைத்தும் தோற்றமே என்றால், அன்றிரவு கண்டது மட்டும் எவ்வாறு தனிப்பட்ட பொய்யாகும் என்பது போன்ற நிலையில் அவர் உரையாடுகின்றார். அவ்வளவில் நில்லாமல் கதைசொல்லியை மீண்டும் அந்த இரவுக்குள்ளேயே கொண்டு நிறுத்துகின்றார். கற்றவரின் விளக்கம் பயனற்றுப்போகும் அவ்விடமே கதையின் உச்சம்.

சிவானந்தரும் மெய்யான மாந்தரே. 1887இல் திருநெல்வேலியைச் சார்ந்த பத்தமடையில் பிறந்து, மலாயாவில் மருத்துவராய்ப் பணியாற்றி, பின் துறவு மேற்கொண்டு இரிஷிகேசத்தில் தங்கியவர். 1936இல் தெய்வநெறிக் கழகத்தை நிறுவினார். எலியாதே அவரை அங்கு நேரிற் கண்டு பழகியவர். பாய்களுக்குப் பெயர்பெற்ற பத்தமடையில் பிறந்த ஒருவர் உருமேனிய மொழியின் அச்சக் கதையொன்றில் ஞானியாக உலவுவது தமிழ் மாணவர்க்குச் சுவையான செய்தியன்றோ?

கிறிஸ்டினாவும் ஹோனிக்பெர்கரும்

1936இல் வெளிவந்த 'செல்வி கிறிஸ்டினா' உருமேனிய நாட்டுப்புற நம்பிக்கையில் வேரூன்றியது. எலியாதே பிறந்த 1907ஆம் ஆண்டில்தான் அந்நாட்டு உழவர் பெருங்கிளர்ச்சி மூண்டது. அக்கிளர்ச்சியின்போது கொல்லப்பட்ட நிலக்கிழார் குடும்பத்து நங்கை ஒருத்தி, இறந்தும் அடங்காத உயிராய்த் தன் மாளிகையிலேயே உலவுகின்றாள். விருந்தினனாய் வந்த ஓவியன்மேல் காதல் கொள்கின்றாள். கூடத்தில் தொங்கும் அவள் உருவப்படம், அவளைப்பற்றியே பேசும் சிறுமி, நோயுற்று மெலியும் இளம்பெண் எனக் கதை நகர்ந்து, மாளிகை தீக்கிரையாவதில் முடிகின்றது. நிலத்தைப் பிழிந்து வாழ்ந்த குடும்பம் உயிரையும் பிழிந்து வாழ்வதாகக் காட்டப்படுவதை ஊன்றி நோக்குவோர் உணர்வர். இந்நூலை முன்னிட்டு 1937இல் ஆசிரியர்மேல் ஆபாசக் குற்றம் சாட்டப்பட்டுப் பல்கலைக்கழகப் பணிக்கே இடையூறு நேர்ந்தது.

'மருத்துவர் ஹோனிக்பெர்கரின் மறைபொருள்' 1940இல் வந்த மற்றொரு குறும்புதினம். ஹோனிக்பெர்கர் வரலாற்று மாந்தர். திரான்சில்வேனியாவிற் பிறந்து இலாகூரில் இரஞ்சித் சிங்கின் அவையில் மருத்துவராய் இருந்தவர். அவருடைய வாழ்க்கையை ஆராயத் தொடங்கிய மற்றொரு மருத்துவர் யோகப் பயிற்சியில் ஆழ்ந்து, பிறர் கண்ணுக்குப் புலப்படா நிலையை எய்தி, மீளும் வழி அறியாது மறைந்துபோவதே கதை. அவர் விட்டுச்சென்ற நூலகத்தையும் நாட்குறிப்பையும் ஆராயும் கதைசொல்லி, பின்னர் ஒருநாள் அவ்வீட்டுக்கு மீண்டும் செல்லும்போது, அங்குள்ளோர் அவரை அறியவே மாட்டோம் என்கின்றனர். நூலகமோ பல்லாண்டுகட்கு முன்பே சிதறிப்போயிற்று என்றும் கூறுகின்றனர். யோக நூல்களில் சித்திகளாகப் பேசப்படுவனவற்றைத் தம் ஆய்வுநூலில் பற்றின்றி விளக்கிய அதே அறிஞர், அச்சித்தி ஒருவருக்குக் கைகூடினால் அவர் மனைவியும் மகளும் என்ன ஆவர் என்னும் வினாவைக் கதையில் எழுப்பினார். ஆய்வுநூல் கேட்க இயலாத வினா அது.

பகல் மனமும் இரவு மனமும்

ஆராய்ச்சியும் புனைவும் ஒருவருள் எவ்வாறு ஒன்றி வாழ்ந்தன? மனத்துக்குப் பகல்நிலை ஒன்றும் இரவுநிலை ஒன்றும் உண்டு என்று எலியாதே கருதினார். சான்று தேடுவது பகல் மனம். உருவங்களைப் படைப்பது இரவு மனம். இரண்டும் ஒருங்கே இயங்குதல் அரிது. ஆயினும் ஒன்றின்றி மற்றொன்று வறண்டுபோம் என்பது அவர் கருத்து.

அவருடைய சமயக் கொள்கையின் நடுநாயகமான கருத்து, புனிதம் உலகியற் பொருள்களின் வழியே வெளிப்படும் என்பது. கல்லோ மரமோ ஆறோ தன் இயல்பு மாறாமலே வேறொன்றை உணர்த்தி நிற்கும். வெளிப்படும்போதே அது மறைந்தும் நிற்கும். தற்கால வாழ்வில் புனிதம் உலகியலின் போர்வைக்குள் ஒளிந்துள்ளது என்று அவர் பலகாலும் எழுதினார். அவருடைய அச்சக் கதைகளும் இவ்வாறே அமைந்தவை. வழக்கமான சாலை, வழக்கமான நூலகம், வழக்கமான விருந்து; அவற்றினூடே விளங்காத ஒன்று தலைகாட்டுகின்றது. கொள்கையில் புனிதம் எனப்படுவது கதையில் அச்சமாகின்றது.

இதற்கு முன்னோடியாய் அமைந்தது செருமானிய அறிஞர் உருடால்ஃப் ஓட்டோ 1917இல் வெளியிட்ட 'புனிதம்' என்னும் நூல். மனிதன் புனிதத்தின்முன் நடுங்குகின்றான். நடுங்கிக்கொண்டே அதனால் ஈர்க்கவும் படுகின்றான் என்று ஓட்டோ நிறுவினார். பகவத்கீதையின் 11ஆம் இயலில் பேருருக் கண்ட அருச்சுனன் உற்ற நடுக்கத்தை அவர் எடுத்துக்காட்டியுள்ளார். பேய்க்கு அஞ்சும் அச்சம் இவ்வுணர்வின் முதிராத நிலை என்பதும் அவர் கொள்கை. முதிராத நிலையிலேயே நின்றுவிடுவது மூடநம்பிக்கை. அதனைக் கடந்து செல்வது வழிபாடு.

இசுலாமியச் சான்றோரும் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர்கள். இமாம் கஸ்ஸாலி தம் பெருநூலாகிய இஹ்யாவில் அச்சத்தையும் நம்பிக்கையையும் இணைத்தே ஒரு பகுதி வகுத்துள்ளார். நம்பிக்கையோடு இணையாத அச்சம் மனிதனை முடக்கும்; அச்சத்தோடு இணையாத நம்பிக்கை அவனைச் செருக்குறச் செய்யும்.

பிற அறிஞர் சிலர்

சமயக் கல்வியுடன் வியப்பும் அச்சமும் தரும் எழுத்தை இணைத்தவர் எலியாதே ஒருவரே அல்லர். இங்கிலாந்தின் எம்.ஆர். ஜேம்ஸ் (1862–1936) விவிலியத் திருமுறையில் சேராத பழைய நூல்களை ஆராய்ந்தவர். அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1924இல் வெளியிட்டார். அவரே 1904இல் 'பழம்பொருள் ஆய்வாளரின் பேய்க்கதைகள்' என்னும் தொகுதியையும் தந்தார். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கிறிஸ்துமஸ் காலத்து இரவுகளில் நண்பர்க்கு அவர் படித்துக்காட்டியவை அக்கதைகள். பழஞ்சுவடியைத் தேடிச்செல்லும் அறிஞன், தேடக்கூடாத ஒன்றைத் தேடிக்கண்டு துன்புறுதல் அவற்றின் பொதுவமைப்பு.

அரபுலகில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸகரிய்யா அல் கஸ்வீனி ஒரு காழி. மார்க்கச் சட்டத்தில் வல்லவர். அவர் படைப்பின் வியப்புகளைத் தொகுத்து எழுதிய நூலில் விண்மீனும் விலங்கும் செடியும் இடம்பெற்றாற்போலவே ஜின்னினமும் விந்தை உயிர்களும் இடம்பெற்றன. வியப்புறுதலும் இறைவன் ஆற்றலை உணரும் ஒரு வழியே என்பது அந்நூலின் அடிப்படை. தமிழ் முசுலிம் புலவர்கள் வளர்த்த கிஸ்ஸா, படைப்போர் முதலிய சிற்றிலக்கியங்களிலும் இவ்வியப்புச் சுவை மிகுந்திருத்தலைக் கற்றோர் அறிவர்.

தமிழில் மறைமலையடிகளை நினைவுகூர்தல் பொருந்தும். சைவ சமய ஆராய்ச்சியில் தோய்ந்த அடிகள், மரணத்தின்பின் மனிதர் நிலை குறித்து ஒரு நூலே எழுதினார். ஆங்கிலப் புதினத்தைத் தழுவிக் 'குமுதவல்லி'யையும் படைத்தார். அடிகள் எழுதியது அச்சக் கதை அன்று. எனினும் சமய அறிஞர் கதை எழுதுதல் தகாது என்னும் எண்ணம் தமிழ் மண்ணுக்கும் உரியதன்று என்பதற்கு அவர் சான்றாவார்.

நம் மண்ணில் அணங்கு

காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே கூறிக்கொண்டு திருவாலங்காட்டைப் பாடினார். முதலாழ்வார் மூவருள் ஒருவர்க்குப் பேயாழ்வார் என்பதே திருப்பெயர். கலிங்கத்துப் பரணியில் பேய்கள் கூழ் அட்டு உண்கின்றன. பேய் என்னும் சொல்லை இழிவாக மட்டும் தமிழர் வழங்கினாரல்லர்; இறையன்பில் தன்னை மறந்த நிலைக்கும் அதுவே பெயராயிற்று.

நம் வடசென்னைக் கடற்கரைக்கு வருவோம். எண்ணூருக்குத் தெற்கே திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் வட்டப்பாறை அம்மன் சந்நிதி உள்ளது. உக்கிரமாய் விளங்கிய அத்தெய்வத்தை ஆதிசங்கரர் அமைதிப்படுத்தினார் என்பது அக்கோயில் மரபு. அஞ்சத்தக்க ஆற்றல் அருள்தரும் ஆற்றலாக மாறியதைச் சொல்லும் மரபு அது. ஓட்டோவும் எலியாதேயும் பெருநூல்களில் விளக்கிய உண்மையை அப்பகுதி மக்கள் ஒரு தலவரலாற்றுக்குள் அடக்கிவைத்துள்ளனர்.

சிறுகதையில் புதுமைப்பித்தன் இத்துறையில் ஈடற்றவர். 1906இல் பிறந்த அவர் எலியாதேக்கு ஓராண்டே மூத்தவர். 1943இல் வெளிவந்த 'காஞ்சனை'யில், வீட்டுக்கு வந்த பணிப்பெண் யார் என்பது இறுதிவரை தெளிவாவதில்லை. நம்புவதா மறுப்பதா என்னும் ஊசலாட்டத்திலேயே படிப்போர் நிறுத்தப்படுகின்றனர். ஒருவரையொருவர் அறியாத இரு மொழி எழுத்தாளர்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே உத்தியை மேற்கொண்டமை ஒப்பிலக்கிய மாணவர் ஆராய்தற்குரியது.

மறைக்கலாகாத குறைகள்

ஒருவர் புகழைப் பேசுவோர் அவர் குறையையும் பேசுதல் அறிவுலக அறம். எலியாதேயிடம் இரண்டு குறைகள் உள.

முதலாவது, அவர் 1933இல் எழுதிய 'மைத்ரேயி' என்னும் புதினம். தம் ஆசிரியர் தாஸ்குப்தாவின் மகள் பெயரையே தலைப்பாக்கி, அப்பெண்ணோடு தமக்கு நேர்ந்த காதலைக் கற்பனை கலந்து அதில் எழுதினார். பல்லாண்டுகளுக்குப்பின் அதனை அறிந்த மைத்ரேயி தேவி, நிகழாதவற்றை நிகழ்ந்தனவாக எழுதியது கண்டு வருந்தி, 1974இல் 'ந ஹன்யதே' என்னும் நூலால் மறுமொழி தந்தார். அந்நூலுக்கு 1976இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வாழும் ஒருவரைப் பாத்திரமாக்குவோர் அவர் மானத்துக்கும் பொறுப்பாளராவர் என்னும் பாடம் இதனுள் உள்ளது. செராம்பூர்க் கதையிலும் தந்திர நெறி அச்சத்துக்குக் கருவியாகவே பயன்படுகின்றது. பிறர் வழிபாட்டை இருளாகக் காட்டும் எழுத்தாளர், அவ்வழிபாட்டினர் அதனைப் படித்தால் எவ்வாறு உணர்வர் என்றும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, இதனினும் பெரிது. 1930களில் உருமேனியாவில் 'இரும்புக் காவல்' என்னும் இயக்கம் வளர்ந்தது. யூத வெறுப்பையும் அரசியற் கொலையையும் கைக்கொண்ட இயக்கம் அது. அதனை ஆதரித்து எலியாதே கட்டுரைகள் எழுதினார். 1938இல் அரசினரால் காவலில் வைக்கவும்பட்டார். பின்னாளில் உலகப்புகழ் பெற்றபோதும் அக்காலச் சார்பை வெளிப்படையாகக் கண்டித்து அவர் எழுதினாரல்லர். கற்பனை இரவின் அலறலை அத்துணை நுட்பமாகக் கேட்ட செவி, தம் நாட்டுத் தெருவில் எழுந்த மெய்யான அலறலைக் கேளாதிருந்தது. தொல்காப்பியர் எண்ணிய நான்கனுள் அணங்கின் அச்சத்தை அவர் நன்கறிந்தார். ஆளவந்தோரால் எளியோர்க்கு விளையும் அச்சத்தை அறிய மறுத்தார். கல்வியும் கற்பனையும் மட்டும் ஒருவரை நல்லவராக்கிவிடா என்பதனை மாணவர்கள் இங்குக் கருத்தில் இருத்துதல் வேண்டும்.

எண்ணூரும் வரலாற்றின் அச்சமும்

'வரலாற்றின் அச்சம்' என்பது எலியாதே ஆண்ட சொற்றொடர். பழங்கால மனிதன் தன் துன்பத்தைத் தொன்மத்தோடும் சடங்கோடும் இணைத்துப் பொருள்கொண்டான். பொருள் விளங்கியதால் பொறுத்துக்கொண்டான். இற்றை மனிதனுக்குப் போர், பஞ்சம், பேரழிவு ஆகியன வெறும் நிகழ்ச்சிகளாகவே வந்து தாக்குகின்றன. இறைநம்பிக்கை ஒன்றே அவனுக்கு அரண் என்று நித்தியத் திரும்புகை பற்றிய நூலின் இறுதியில் அவர் எழுதினார்.

இக்கருத்தை எண்ணூரில் நின்று நோக்கினால் அதன் கனம் விளங்கும். கொசத்தலையாறு கடலொடு கலக்கும் கழிமுகத்தில் இறாலும் நண்டும் மீனும் பிடித்து வாழ்ந்த ஊர் எண்ணூர். பின்னர் அங்கு அனல்மின் நிலையங்களும் உர ஆலைகளும் துறைமுகமும் வந்தன. 2023ஆம் ஆண்டு திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடு கழிமுகத்துள் பரவிப் படகையும் வலையையும் கறுக்கச் செய்தது. அதே திங்கள் 26ஆம் நாள் நள்ளிரவையொட்டிக் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் முதலிய மீனவக் குப்பங்களில் உறங்கிக்கொண்டிருந்தோர் மூச்சுத்திணறி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

இவ்வச்சத்தைத் தொல்காப்பியரின் நான்கனுள் எதில் அடக்குவது? அணங்கு அன்று; விலங்கும் அன்று; கள்வரும் அன்று. கண்ணுக்குத் தெரியாமல் நள்ளிரவில் வீட்டுக்குள் புகுந்து மூச்சை அடைப்பதால் அது பேய்க்கதைபோல் தோன்றுகின்றது. ஆயின் அதற்குக் காரணம் உண்டு, பொறுப்பாளர் உண்டு, தடுக்கும் வழியும் உண்டு. பேய்க்கு அஞ்சுவோர் மந்திரிப்பாரை நாடுவர். குழாய்க்கு அஞ்சுவோர் நாடவேண்டியது பாதுகாப்பு விதியையும் முறைமன்றத்தையும் ஆகும். மனிதர் விளைத்த தீங்கை விதி என்றோ தெய்வக்குற்றம் என்றோ கொண்டு வாளா இருப்பது சமயமும் அன்று, அறிவும் அன்று. எலியாதே கூறிய நம்பிக்கை என்னும் அரண், துன்பத்தைத் தாங்கும் வலிமை தருவதற்கு உரியதேயன்றி, துன்பம் செய்தோரை வினவாதிருப்பதற்கு உரியதன்று.

நிறைவாக

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் தெளிவாகின்றன. புனிதமும் அச்சமும் ஒரு வேரில் கிளைத்தவை. தமிழர் அணங்கு என்னும் சொல்லால் இதனை முன்னரே உணர்த்தினர். சமய அறிஞர் அச்சக் கதை எழுதுதல் முரண் அன்று. ஆய்வு தொட இயலாத மனித வினாக்களைக் கதை தொடும். அதே வேளையில், பிறர் வாழ்வையும் பிறர் வழிபாட்டையும் கையாளும் எழுத்தாளர்க்குப் பொறுப்பு மிகுதி. எல்லாவற்றினும் மேலாக, எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சலாகாது எனப் பகுத்தறிதலே கல்வியின் பயன்.

நம் துறை மாணவர்களுள் பலர் கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்தும் வருவோர். தம் பாட்டிமார் கூறும் முனிக்கதைகளையும், பள்ளிவாசல் முற்றத்தில் பெரியவர்கள் சொல்லும் ஜின் கதைகளையும், இரவுத்தொழிலுக்குக் கடல்மேற் செல்வோர் கூறும் அனுபவங்களையும் அவர்கள் இகழாமலும் அப்படியே நம்பிவிடாமலும் கேட்டுத் தொகுத்தல் நன்று. கதை சொன்னவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் குறித்துவைத்தல் பகல் மனத்தின் பணி. அக்கதையில் நடுங்கும் உள்ளத்தின் துயரை உணர்தல் இரவு மனத்தின் பணி. இரண்டும் ஒருங்கே வாய்க்கப்பெற்றோர் நம்மிடையே தோன்றுவாராயின், எண்ணூர்க் கழிமுகத்தின் அச்சங்களுக்கும் ஓர் இலக்கியம் பிறக்கும். அவ்விலக்கியம் அணங்கை மட்டுமன்றி, அந்த நள்ளிரவில் ஓடிய தாய்மாரையும் மறவாது பாடுவதாகுக.